கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்



இன்று எழுதப்போவது வீட்டில் யாரும் வாய்திறந்து பேசாத விஷயம். ஆண்களுக்கு மார்பு பெருப்பது பற்றி.

34 வருட ஆசிரியர் பணியில் இப்படிப் பல பையன்களைப் பார்த்திருக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது சித்திரை வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டு வருவார்கள். விளையாட்டு பீரியடில் வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாம் கேலிக்குப் பயந்துதான்.

ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. அது கூடினாலோ, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலோ மார்புச் சுரப்பி வளரும். டாக்டர்கள் இதை கைனகோமாஸ்டியா என்பார்கள். பருவ வயதில் பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு இது ஓரளவு வரும். பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாகவே வற்றிவிடும்.

பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் அப்படி விட்டுவிடக் கூடாது. போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். நாற்பதைத் தாண்டியவர். "சார், ஒரு பக்கம் மட்டும் ஆறு மாதமாகப் பெருத்துக்கொண்டே வருகிறது. வீட்டில்கூடச் சொல்லவில்லை" என்றார். குரல் நடுங்கியது. "நாளைக்கே டாக்டரிடம் போப்பா" என்றேன். போய்விட்டார். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

டாக்டர் முதலில் கேட்பது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. இதய நோய்க்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன், முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினாஸ்டிரைடு, ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் காரணமாகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பிறகு தேவைக்கேற்ப ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ராடியால், எல்.எச்., புரோலாக்டின், தைராய்டு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் அதிகமாகச் சுரக்கும்; அதனால் காலையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும். எச்.சி.ஜி. என்று ஒன்று உண்டு. கர்ப்பிணிகளுக்குச் சுரக்கும் ஹார்மோன். ஆணுக்கு அது கூடியிருந்தால் விதையில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் குணப்படுத்தலாம்.

கல் மாதிரிக் கெட்டியான கட்டி, காம்பில் ரத்தக் கசிவு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மார்பகப் புற்றுநோய் நூறில் ஒன்று ஆண்களுக்கு வருவதுதான்.

உங்களில் பலர் இன்று அப்பா, அம்மா, சிலர் ஆசிரியர்கள். உங்கள் பையன் திடீரென்று சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டால் திட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.