ஓர் ஆச்சரியக்குறி

விம் எடிட்டரை ஆக்கிய பிராம் மூலெனார் 2023-இல் மறைந்த செய்தியைப் படித்தபோது, எங்கள் மூவருக்கும் நினைவுக்கு வந்தது ஒரே இரவுதான்.

2007. பழைய திஸ்கி கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும்; ஒருங்குறியில் பின்னால் வரவேண்டும். இடம் மாறாமல் தங்கிவிட்ட கொம்புகளைத் திருத்த, எடிட்டருக்குள்ளேயே ஓடும் சிறுநிரல் ஒன்று எழுதினோம். நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்திச் சேமித்துவிட்டு, எடிட்டரையும் அதுவே மூடிவிட்டால் நாங்கள் உறங்கப் போகலாம் என்பது ஆசை. சேமிக்காத மாற்றம் ஏதும் இருந்தால் விம் மூட மறுக்கும். அந்த மறுப்பு எங்களுக்குத் தொல்லையாகப் பட்டது. ஆகவே கடைசி வரியில், வெளியேறும் ஆணையை அடுத்து ஓர் ஆச்சரியக்குறி இட்டோம். இலக்கணத்தில் அது வியப்பு. விம்மில் 'என்னைக் கேட்காதே' என்று பொருள்.

அன்று மாலை நண்பரின் தாயார் தம் இளமைக்கால நடவுப் பாட்டுகள் ஒன்பதைப் பாடியிருந்தார். எங்களில் ஒருவர் அதே எடிட்டரில் புதுச்சாளரம் திறந்து அவற்றைத் தட்டச்சிட்டிருந்தார். பெயரிட்டுச் சேமிக்கவில்லை. அதை அறியாத இன்னொருவர் நிரலை ஓடவிட்டுத் தேநீர் போடச் சென்றார். திரும்பி வந்தபோது திரை வெறுமையாக இருந்தது. பிழை முழுக்க எங்களுடையதே.

இதில் விந்தை ஒன்று உண்டு. 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது கை நான்கு நொடி ஓய்ந்ததும், விம் நாம் எழுதியதை ஸ்வாப் கோப்பொன்றில் குறித்துவைக்கும். மின்சாரம் போனாலும், வெளியிலிருந்து யாரேனும் எடிட்டரை வலிந்து கொன்றாலும் அந்தக் கோப்பு எஞ்சும், பெரும்பகுதியை மீட்டுவிடலாம். முறையாக விடைபெற்று வெளியேறினாலோ, தன் சுவடென்று அதையும் அழித்துவிட்டே போகும். ஆச்சரியக்குறியும் முறையான விடைபெறல்தான். நாள் தவறாமல் வரும் மின்வெட்டு, அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

இப்போது அந்த நிரலின் கடைசி வரியில் ஆச்சரியக்குறி இல்லை. அதற்குப் பதில், மூடுமுன் சேமிக்கவா என்று கேட்கும் ஆணையைச் சேர்த்திருக்கிறோம். ஆளில்லாத அறையில் விடிய விடியக் கேட்டபடி நிற்கும், நிற்கட்டும்.

மறுவாரம் குறிப்பேட்டுடன் அம்மாவிடம் போனோம். ஆறு பாட்டுகள் பாடினார், அவற்றிலும் அடிகள் வேறாக இருந்தன. மற்ற மூன்றைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டோம்.

"அதெல்லாம் நான் பாடவே இல்லையேப்பா" என்றார்.