பொன் இலைகளும் வெற்றுச் சுவரும்: வியன்னாவின் நவீனக் கலை

வியன்னாவின் மையத்தைச் சுற்றி வளைந்து செல்லும் ரிங் சாலை, பழைய கோட்டைச் சுவர்களை இடிக்குமாறு பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் 1857 இல் பிறப்பித்த ஆணையால் உருவானது. அதன் ஓரத்தில் நாடாளுமன்றம் கிரேக்கக் கோயிலின் சாயலிலும், நகரமன்றம் கோதிக் பாணியிலும், பல்கலைக்கழகம் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால மாளிகை போலவும் எழுந்தன. புதிய கட்டடங்களுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் தோற்றத்தைத் தரும் இப்போக்கு வரலாற்றுப் பாணி எனப்படும். இச்சாலையில் முதலில் நடந்து பார்க்கும் பயணிக்கே, 1900 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இளங்கலைஞர்கள் எதை எதிர்த்தார்கள் என்பது தெளிவாகும்.

1897 இல் பழமை போற்றிய கலைஞர் சங்கத்திலிருந்து விலகியவர்கள், குஸ்டாவ் கிளிம்டைத் தலைவராகக் கொண்டு செசெஷன், அதாவது பிரிந்து சென்றோர் அணி, என்ற அமைப்பைத் தொடங்கினர். யோசெஃப் மரியா ஓல்பிரிக் வடிவமைத்து மறு ஆண்டே திறக்கப்பட்ட அவர்களது காட்சிக்கூடத்தின் உச்சியில், பொன்முலாம் பூசிய இரும்பு இலைகளாலான கோளம் ஒன்று அமர்ந்திருக்கிறது. நகர மக்கள் அதற்கு முட்டைக்கோஸ் என்று பெயர் சூட்டினர். கட்டுமானச் செலவுக்குப் பெருமளவில் உதவியவர் எஃகுத் தொழிலதிபர் கார்ல் விட்கென்ஸ்டைன், அதாவது தத்துவவாதி லூட்விக்கின் தந்தை; வியன்னாவின் கலைக் கிளர்ச்சி வறுமையில் பிறந்ததன்று.

இக்கூடத்தின் அடித்தளத்தில் உள்ள பீத்தோவன் ஓவியப்பட்டையே இங்கு நின்று பார்க்க வேண்டியது. மாக்ஸ் கிளிங்கர் செதுக்கிய பீத்தோவன் சிலையைப் போற்றி 1902 இல் நடந்த கண்காட்சிக்காகக் கிளிம்ட் இதனை வரைந்தார். சுவரின் மேற்பகுதியில் ஏறத்தாழ 34 மீட்டர் நீளும் இவ்வோவியம் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைத் தழுவியது. இன்பத்தைத் தேடும் மனிதரின் ஏக்கத்தில் தொடங்கி, குரங்கு முகமும் பாம்புடலும் கொண்ட அரக்கனைக் கடந்து, பாடகியர் குழுவின் நடுவே ஒரு தழுவலில் முடிகிறது. கண்காட்சி முடிந்ததும் அகற்றப்படவிருந்ததால் பொன்னோடு கண்ணாடித் துண்டுகளும் பொத்தான்களும்கூடத் தயக்கமின்றிப் பதிக்கப்பட்டன. சேகரிப்பாளர் ஒருவர் வாங்கித் துண்டுகளாக அறுத்தெடுத்ததாலேயே அது தப்பியது. பின்னர் யூதக் குடும்பமொன்றிடமிருந்து நாஜிகளால் பறிக்கப்பட்டு, 1970களில் அரசால் வாங்கப்பட்டு, 1986 முதல் இங்கே காட்சிக்கு உள்ளது.

கிளிம்டின் பொன்னுக்கு நேர்மாறான அழகைக் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னரின் அஞ்சல் சேமிப்பு வங்கியில் காணலாம். 1906 இல் முதற்பகுதி முடிந்த இக்கட்டடத்தின் முகப்பைப் பளிங்குப் பலகைகள் போர்த்தியிருக்க, அவற்றைப் பிணைப்பவை போன்ற அலுமினியத் தலையுள்ள ஆணிகளே அலங்காரமாகவும் அமைகின்றன. உள்ளே, கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் ஒளி, தரையில் பதித்த கண்ணாடிக் கட்டிகளையும் ஊடுருவிக் கீழ்த்தளம்வரை செல்கிறது. அலங்காரத்தையே ஒழுக்கக்கேடு போலச் சாடிய கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ், மிஹாயெலர் சதுக்கத்தில் அரச மாளிகைக்கு எதிரே கட்டிய வணிகக் கட்டடம் இன்னும் பெரிய சீற்றத்தைக் கிளப்பியது. சாளரங்களைச் சுற்றி அணிவேலை ஏதுமில்லாததால் அதனைப் புருவமற்ற வீடு என்று ஏளனம் செய்தனர். நகராட்சியுடன் ஏற்பட்ட பூசல், சாளரங்களில் பூந்தொட்டிகள் வைக்க உடன்பட்ட பிறகே தீர்ந்தது. எனினும் கீழ்த்தளத் தூண்களுக்கு விலையுயர்ந்த பச்சைப் பளிங்கைத் தேர்ந்தவரும் அதே லூஸ்தான்; எளிமையும் இந்நகரில் மலிவாகக் கிடைக்கவில்லை.

1918 இல் கிளிம்ட், வாக்னர், அவர்களது சமகாலக் கலைஞர்களான கொலோமன் மோசர், எகோன் ஷீலே ஆகிய நால்வரும் மறைந்தனர். அதே ஆண்டில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசும் சிதைந்தது. மேல் பெல்வெடேர் மாளிகையில் கிளிம்டின் 'முத்தம்' ஓவியத்தின் முன் மொய்க்கும் கூட்டத்தோடு பயணத்தை முடித்துக்கொள்ளாமல், மிஹாயெலர் சதுக்கத்தில் அரச மாளிகைக்கு முதுகைக் காட்டி நின்று லூஸின் அந்த வெற்றுச் சுவரையும் பார்த்துவிட்டே வியன்னா செல்வோர் திரும்ப வேண்டும்.