உலக முடிவுக்கு ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம்

துவிச்சக்கர வண்டி சமவெளிக்குரிய ஊர்தி என்பது யாழ்ப்பாணத்தில் எவரும் விவாதிக்காத உண்மை. அங்கு அது ஊர்தி மட்டுமன்று. குடும்பத்தில் ஓர் உறுப்பினர் போன்றது. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் எரிபொருள் இன்றிக் குடாநாடு முழுவதுமே அதனை மிதித்து வாழ்ந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வயோதிபரும் குழந்தைகளும் சமையற் பாத்திரங்களும் அதன் குறுக்குச் சட்டத்திலும் பின்னிருக்கையிலும் ஏறியே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். மலைநாட்டில் நிலைமை வேறு. லயத்திலிருந்து பாடசாலைக்குச் செல்லும் வழி படிக்கட்டாகவும் ஒற்றையடிப் பாதையாகவும் இருக்குமிடத்து வண்டிக்கு என்ன வேலை? தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வண்டி மிதிக்கப் பழகாமலே வளர்ந்துவிடுகின்றனர்.

எனவே, பேராதனையிற் கலைப்பீடத்து மாணவர் இருவர் மலைநாட்டுத் தேசியப் பூங்காக்களினூடாக வண்டியிற் செல்லப் புறப்பட்டபோது விடுதி நகைத்ததில் வியப்பில்லை. ஒருவன் யாழ்ப்பாணத்தான், நடக்கப் பழகிய மறுவருடமே மிதிக்கப் பழகியவன். மற்றவன் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன்; பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே, அதுவும் நண்பன் பின்னாற் பிடித்துக்கொண்டு ஓடிவர, வண்டி பழகியவன். வண்டிகள் இரண்டும் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் எவரோ அவசரமாக வாங்கிப் பின்னர் விற்றவை. பேராதனையிலிருந்து றம்பொடை வளைவுகளை ஏறி நுவரெலியாவை அடைந்த முதல் நாளை இங்கு விரிப்பதற்கில்லை. அந்நாளின் பெரும்பகுதி வண்டியைத் தள்ளுவதிலேயே கழிந்தது என்றால் போதும்.

இரண்டாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு, மாசி மாதக் குளிரில், இருவரும் கிரகரி வாவியோரமாகப் புறப்பட்டனர். நகரெல்லையிலேயே முதலாவது பூங்கா வந்துவிடுகிறது. கல்வேயின் நிலம் எனப்படும் அச்சிறு வனம் முப்பது ஹெக்டயருக்கும் குறைவானது. 2006இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இருட்டில் அது ஒரு கரிய வேலியாகவே தெரிந்தது. “இதுதான் பூங்காவோ? எங்கட பனங்காணி இதைவிடப் பெரிசடா” என்றான் யாழ்ப்பாணத்து நண்பன். இரண்டாவது பூங்காவாகிய ஹோட்டன் சமவெளி மூவாயிரம் ஹெக்டயருக்கு மேற்பட்டது.

பிளக்பூல் சந்தியிற் பாதை பிரிந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் செல்கிறது. நுவரெலியாவிலிருந்து சமவெளியின் நடுவேயுள்ள பார் விடுதி ஏறத்தாழ 32 கிலோமீற்றர். உயரத்தைக் கணக்கிட்டால் சில நூறு மீற்றர் வித்தியாசமே. ஆயின் பாதை ஏறியதை இறங்கி, இறங்கியதை மீண்டும் ஏறுவதால் அக்கணக்கு மிதிப்பவனுக்குப் பயன்படுவதில்லை. கடல்மட்டத்தோடு ஒப்பிடுகையில் அங்கு காற்றின் அமுக்கம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. சமவெளியில் வளர்ந்த நெஞ்சு அதனை உடனே உணர்கிறது. பட்டிப்பொல புகையிரத நிலையத்தைத் தாண்டியதும் யாழ்ப்பாணத்தான் இறங்கித் தள்ளலானான். மற்றவனோ, வண்டி ஓட்டும் திறனிற் குறைந்தவனாயினும், தள்ளுவதில் வல்லவன். கொழுந்துக் கூடை சுமந்த பரம்பரையின் கால்கள் அவை என்று நண்பன் சொன்னதை அவன் இரசிக்கவில்லை.

வாயிலில் அலுவலர் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளைக் களைந்தனர். பிஸ்கற்றுகள் காகிதத்திற் சுற்றப்பட்டன. சமவெளியுள் நுழைந்தபோது புல்லின் மீது உறைபனி இன்னும் வெண்மையாகக் கிடந்தது. மரையொன்று பாதையோரத்தில் நின்று, மோட்டார் வாகனத்துக்கு விலகும் அளவுகூட அவர்களுக்கு விலகவில்லை. ஓசையற்ற ஊர்தியின் பேறு அது. இதே மரைகளை வேட்டை நாய்களைக் கொண்டு துரத்திய சாமுவேல் பேக்கரின் பெயரை அங்குள்ள நீர்வீழ்ச்சி இன்றும் தாங்கி நிற்கிறது. சமவெளியின் பெயரோ தேசாதிபதி வில்மட் ஹோட்டனுடையது. விடுதியின் பெயர் தோட்டத்துரை ஒருவருடையது. மலையிற் பாதை வெட்டியவர் எவருடைய பெயரும் எங்கும் இல்லை.

ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடவேண்டுமென 1873இல் தாவரவியலறிஞர் ஹூக்கர் கூறிய ஆலோசனையாலேயே இச்சமவெளி தேயிலையாகாமற் தப்பியது. எனினும் 1960களில் இதன் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் இங்கிருந்து செல்கிறது. நிலத்தைப் பார்த்தால் அது தெரியாது. கீன மரங்களுக்கிடையே ஈரப்புல்லும் மெல்லிய ஓடைகளுமே தெரியும்.

விடுதியில் வண்டிகளை விட்டு உலக முடிவை நோக்கி நடக்கையிலேதான் தோட்டத்து மாணவன் தான் வந்த காரணத்தைச் சொன்னான். அதுவரை நண்பன் இதனை ஓர் உல்லாசப் பயணமென்றே எண்ணியிருந்தான்.

ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக விழும் அவ்விளிம்பின் கீழே தேயிலைத் தோட்டம் ஒன்றுண்டு. அவனுடைய அம்மாயி பிறந்தது அங்குதான். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டபோது, அந்தப் பங்கீட்டுக் கோடு அம்மாயியின் காம்பராவுக்குள்ளும் விழுந்தது. அவர் மணமுடித்து நுவரெலியாப் பக்கம் வந்துவிட்டார். கணவன் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியிருந்தனர். தாய் தந்தையரும் தம்பிமாரும் 1970களில் தலைமன்னாரிற் கப்பலேறினர். சில ஆண்டுகள் தமிழகத்திலிருந்து கடிதம் வந்தது. பின்னர் வரவில்லை. எவரும் இல்லாத தோட்டத்துக்கு எதற்குப் போவது என்று அம்மாயி அங்கு திரும்பிப் போகவுமில்லை. சிறுமியாயிருந்தபோது கீழிருந்து அண்ணாந்து அப்பாறையைப் பார்த்திருக்கிறார். மேலே வெள்ளைக்காரர் நிற்பார்களாம். பேரன் பயணம் போவதாகச் சொன்னபோது ஒன்றே கேட்டார்: மேலிருந்து பார்த்தால் மாரியம்மன் கோயிலும் அதன் பக்கத்து லயமும் தெரிகின்றனவா?

விடியற் பொழுதில் வேனில் வந்து சேர்வோருக்கு அக்காட்சி கிடைத்துவிடும். துவிச்சக்கர வண்டிக்காரர் காலந்தாழ்த்தியே வருவர். முகிலும் அந்நேரத்திற்றான் வருகிறது. இருவரும் விளிம்பை அடைந்தபோது மணி பத்தாகியிருந்தது. காலடிக்கப்பால் வெண்மையன்றி ஒன்றுமில்லை. உல்லாசப் பயணிகள் வந்தனர், அவ்வெண்மையின் முன் நின்று படம் எடுத்தனர், சென்றனர். இருவரும் இருந்தனர். பதினொரு மணியளவில் முகில் ஓரிடத்திற் கிழிந்தது. பச்சைச் சரிவு ஒன்று தெரிந்தது. வளைந்த பாதை ஒன்று. ஒரு தகரக்கூரை வெயிலில் மின்னியது. கோயிலா, லயமா, தொழிற்சாலையா என்று கண் தீர்மானிக்குமுன் கிழிசல் மூடிக்கொண்டது. மேலும் ஒரு மணிநேரம் இருந்தனர். எதற்கும் அவசரப்படுகின்ற யாழ்ப்பாணத்தான் அன்று ஒருமுறையேனும் நேரத்தைக் கேட்கவில்லை. அவனுடைய தந்தையாரும் 1995இல் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊரை விட்டு வந்தவரே.

பார் விடுதியிலிருந்து ஓகியா 11 கிலோமீற்றர், முற்றும் இறக்கம். ஏற்றத்தில் மூச்சை வாங்கிய பாதை இறக்கத்திற் பிறேக்கைச் சோதிக்கிறது. தொடர்ந்து அழுத்தினால் சக்கர வளையம் சூடேறி ரியூப் வெடிக்கும் அபாயமுண்டு. ஆதலால் வளைவுக்கு முன் அழுத்தி, நேர்ப்பாதையில் விட்டு, இடையிடையே நின்று வளையம் ஆறும்வரை காத்திருந்தனர். இவ்வித்தையைத் தட்டையான ஊரில் வளர்ந்தவன் அறியான். அன்றே இருவரும் சேர்ந்து கற்றனர்.

ஓகியாவிற் புகையிரத நிலையத்தை அண்டிய கடையொன்றில் ரொட்டியும் பிளேன்ரீயும் கிடைத்தன. தொலைபேசியிற் சமிக்ஞை கிடைத்ததும் அவன் அம்மாயியை அழைத்தான்.

“பாத்தியா ராசா?”

“பொகைதான் அம்மாயி. ஒரேயொரு தகரந்தான் மின்னுச்சு.”

மறுமுனையில் அவர் சற்று யோசித்தார்.

“அது ஆபீஸ் தகரமா இருக்கும். எங்க லயத்துத் தகரம் அப்பவே துருப்பிடிச்சது. அது எங்கிட்டு மின்னும்?”

பின்னர், சாப்பிட்டாயா, கூட வந்த பிள்ளைக்கும் வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டார். நண்பன் வெளியில் வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அப்புத்தளைக்குச் செல்லும் பாதை இன்னும் மீதியிருந்தது.