‘பிள்ளை நித்திரை’ என்று நாங்கள் எழுதிய இரவு

வன்னியில் ஒரு வைத்தியசாலையில் நாங்கள் இருவரும் உள்ளகப் பயிற்சி செய்துகொண்டிருந்த காலம். இதை ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். அன்றிரவு யார் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது, யார் ரிக்கெட்டில் எழுதியது என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. பிழை இரண்டு பேருக்கும் பொது. பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

விடியப்புறம் மூன்று மணி இருக்கும். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையைத் தாய் கூட்டிக்கொண்டு வந்தா. படுத்திருந்த பிள்ளை ரெண்டு மணிபோல வயிறு நோகுது எண்டு எழும்பினது, ஒருக்கா சத்தியும் எடுத்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. வயிற்றை அமத்திப் பார்த்தோம், மெத்தென்றுதான் இருந்தது. பின்னேரம் என்ன சாப்பிட்டது என்று கேட்டோம். கோயிலில் சாப்பிட்டது என்றா தாய். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது. காஸ்ட்ரிக் என்று எழுதி, ஒரு ஊசி போட்டு, விடியப் பார்ப்போம் என்று கட்டிலில் படுக்க வைத்தோம். வாட்டில் அன்றைக்கு முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். வீசிங்கோடு இருந்த ஒரு குழந்தையிலதான் எங்கட கவனம் முழுக்க.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். தாய் திரும்ப வந்தா.

“டொக்டர், பிள்ளை கண்ணைத் திறக்கிறாள் இல்ல.”

எட்டிப் பார்த்தோம். கண் மூடியிருந்தது, மூச்சு வந்துகொண்டிருந்தது. “நித்திரையாக்கும் அம்மா, எழுப்பாதேங்கோ” என்று சொன்னோம். ரிக்கெட்டில் 4.10 என்று நேரம் போட்டு, ‘பிள்ளை நித்திரை’ என்று ஆங்கிலத்தில் எழுதினோம். அந்த வரி இன்றைக்கும் அங்கே ஒரு கோப்பில் இருக்கும்.

பிள்ளையைக் காப்பாற்றியது நாங்களில்லை. அந்த வாட்டில் கனகாலம் வேலை செய்த ஒரு மிஸ்ஸி, மருந்து கொடுக்க வந்தவ, கட்டிலடியில் நின்று தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டா.

“பிள்ளை வீட்டில எங்க படுத்தது?”

“கீழதான் மிஸ்ஸி. பாயில.”

அவ ரோச் லைட்டை எடுத்து இமைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டா. பிள்ளை நித்திரையில்லை. மேலே பார் என்றால் கருவிழி அசையவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க ஏலவில்லை. பேரைக் கேட்டால் மூக்கால் ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்தது. உடம்பு முழுக்கத் தேடினோம், கடிவாய் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. வீக்கமில்லை, இரத்தமில்லை. இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனையும் சரியாகவே இருந்தது.

கட்டுவிரியன் இப்படித்தான். சிங்களத்தில் தெல் கரவலா என்பார்கள். எங்கட பெரியாக்கள் எட்டடி விரியன் என்பார்கள், கடிபட்டவர் எட்டடி தாண்டமாட்டார் என்று அந்தப் பெயருக்கு விளக்கமும் சொல்வார்கள். இரவில் வீட்டுக்குள் வரும். நிலத்தில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல்லுச் சின்னது, நோவும் பெரிதாக இராது. கடிபட்டதே தெரியாமல் திரும்பப் படுத்துவிடுபவர்களும் உண்டு. முதலில் வருவது பலருக்கு வயிற்று நோ. பிறகு இமை தொங்கும், விழுங்க ஏலாது, கடைசியில் மூச்சுத் தசைகளும் நிற்கும். இது எல்லாம் எங்களுக்குத் தெரியும். இறுதிப் பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதியும் இருக்கிறோம்.

மயக்கமருந்து நிபுணர் ஓடி வந்து குழாய் போட்டார். பாம்பு நஞ்சு எதிர்மருந்து ஏற்றத் தொடங்கினோம். அது இந்தியாவிலிருந்து வருவது, குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது, ஒவ்வாமை அடிக்கடி வரும். முதலில் குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால் பாரதூரமான ஒவ்வாமை குறையும் என்பதைக் காட்டிய ஆய்வு, இலங்கை நோயாளிகள் ஆயிரம் பேரளவில் செய்யப்பட்டு 2011இல் வெளிவந்தது. அதன்படியே செய்தோம். என்றாலும் குறையும் என்பது வராது என்பதில்லை. மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உடம்பெல்லாம் தடித்தது, பிரஷர் விழுந்தது. மருந்தை நிறுத்தி, அட்ரினலின் கொடுத்து, சேலைன் ஏற்றி, பிரஷர் ஏறும் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு மருந்தை மெதுவாகத் திரும்பத் தொடங்கினோம்.

கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைப்பது. சிதைந்த பிறகு எதிர்மருந்தால் அதைத் திருப்ப ஏலாது. உடம்பு தானாகத் திருத்திக்கொள்ளும் மட்டும் இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியென்றால் நாங்கள் இழந்த அந்த ஒரு மணித்தியாலத்தால் என்ன வந்துவிட்டது என்று ஆரும் கேட்கலாம். நாங்களும் எங்களுக்குள் அப்படிச் சொல்லிப் பார்த்தோம். ஆனால் மிஸ்ஸி அந்த நேரம் வந்திராவிட்டால் பிள்ளை ‘நித்திரையிலேயே’ மூச்சை விட்டிருக்கும். பக்கத்தில் இருந்த தாயும் எழுப்பியிருக்க மாட்டா. எழுப்ப வேண்டாம் என்று சொன்னது நாங்கள்.

ஐந்தாம் நாள் பெருவிரல் அசைந்தது. எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். வாட்டுக்குத் திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தோம். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது.

“எனக்கு அண்டைக்கு நித்திரை இல்ல டொக்டர். நீங்கள் சொன்னது கேட்டது. கண்ணைத் திறக்கத்தான் ஏலாம இருந்தது.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டோம். அவளுக்கு அது ஏன் என்று விளங்கியதோ தெரியாது. தாய்க்கு விளங்கியது. தலையை ஆட்டினா, ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நண்பர்களுக்கு இதைச் சொல்லும்போது “ஒரு அபூர்வமான கேஸ்” என்றுதான் தொடங்குவோம். அப்படிச் சொன்னால் எங்கட பிழை கொஞ்சம் சின்னதாகிறது. ஆனால் 2016இல் வெளிவந்த நாடளாவிய வீட்டாய்வின்படி இலங்கையில் வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 30,000 பேரளவில் நஞ்சேறுகிறது, 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். வயலும் காடும் சேர்ந்த ஒரு ஊரில், மழைக்காலத்தில், நிலத்தில் படுத்த பிள்ளைக்கு நடுச்சாமத்தில் வயிறு நொந்தால், கட்டுவிரியன் அபூர்வமா?

எங்களுக்குத்தான் அது அபூர்வம். நாங்கள் இருவரும் டவுனில் வளர்ந்தவர்கள், கட்டிலில் படுத்தவர்கள். என்ன சாப்பிட்டது என்று கேட்க எங்களுக்குத் தெரிந்தது. எங்க படுத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் கட்டிலில்தான் படுக்கிறார்கள் என்று எங்களை அறியாமலே நினைத்திருக்கிறோம். அந்த மிஸ்ஸிக்கு அந்த ஊர் வீடுகள் தெரியும். பூச்சுப் பூசாத சுவர், கதவுக்குக் கீழே நாலு விரல் இடைவெளி, மூலையில் நெல்லு மூட்டை, அதைத் தேடி எலி, எலியைத் தேடிப் பாம்பு.

வீட்டுக்கு விடும் நாள், இனி நிலத்தில் படுக்க விடாதேங்கோ, கட்டிலில் படுக்க வையுங்கோ, நுளம்பு வலையைப் போட்டு ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகுங்கோ என்றெல்லாம் தாய்க்குச் சொன்னோம்.

“மூண்டு பிள்ளையள் டொக்டர்” என்றா. “ஒரு கட்டில்தான் இருக்கு. அதில அம்மம்மா.”

வலையைப் பாயின் கீழேயும் செருகலாம் என்று சொன்னோம். அது உண்மைதான், பயனுமுண்டு. ஆனாலும் வேறு சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது நாங்கள் வேறு வேறு இடங்களில் வேலை செய்கிறோம். இரவில் வயிற்று நோ, சத்தி என்று ஆர் வந்தாலும் எங்க படுத்தனீங்கள் என்று கேட்கிறோம். கண் மூடியிருந்தால் எழுப்பி, மேலே பார்க்கச் சொல்கிறோம். சிலர் எரிச்சல்படுகிறார்கள், பரவாயில்லை.

வாசிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். நிலத்தில் படுத்த ஒருவர் இரவில் வயிறு நொந்து எழும்பினால், இமை பாரமாக இருக்கு, விழுங்க ஏலாமல் இருக்கு என்று சொன்னால், கடிகாயம் இல்லையென்றாலும் விடியும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அங்கே இருக்கிற டொக்டர் கேட்காவிட்டாலும், “கீழ படுத்தது” என்று நீங்களே சொல்லுங்கோ. நித்திரையாக்கும் என்று சொன்னால், இன்னொருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ.