எந்தக் கட்டடமும் தனியே நிற்பதில்லை

மார்ச் 3, திங்கள்

பெய்ஜிங்கின் சீன மத்தியத் தொலைக்காட்சித் தலைமையகத்தை நேரில் கண்டவர்களைவிடப் படத்தில் கண்டவர்கள் பல மடங்கு. ரெம் கூல்ஹாஸும் ஓலெ ஷீரெனும் ஓ.எம்.ஏ. நிறுவனத்தின் சார்பில் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வேலை 2004இல் தொடங்கி 2012இல் முடிந்தது. 234 மீட்டர் உயரம். சாய்ந்து எழும் இரண்டு கோபுரங்கள் உச்சியில் வளைந்து, அந்தரத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன. கட்டடக்கலை மாணவர்கள் இதைப் படத்தின் வழியாகவே கற்கிறார்கள். வளரும் நகரங்களின் ஆட்சியாளர்களும் முதலீட்டாளர்களும் 'எங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும்' என்று ஆசைப்படுவதும் பெரும்பாலும் படம் பார்த்துத்தான். ஆகவே கட்டடத்தைப் படமெடுப்பவருக்கு, கட்டி முடித்ததைப் பதிவு செய்வதோடு, அடுத்துக் கட்டப்போவதிலும் பங்கிருக்கிறது. அந்தப் பங்கை ஒப்புக்கொண்டால் ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. வேகமாக வளரும் நகரத்தின் அடையாளக் கட்டடத்தைச் சுற்றுப்புறம் இல்லாமல், மனிதர் இல்லாமல், காலம் தெரியாமல் காட்டும் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் அரைகுறைச் சாட்சியம்தான். இந்த முடிவு எதிர்வாதங்களைத் தாங்குமா என்று இந்த வாரம் எழுதிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

முதல் எதிர்வாதம் அழகியலிலிருந்து வருகிறது. கட்டடக் கலைஞர் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய வடிவத்தைப் பார்வையாளர் தடையின்றிக் காண வேண்டாமா? மின்கம்பி, விளம்பரப் பலகை, நெரிசல் எல்லாம் கண்ணை வேறு பக்கம் இழுத்துவிடுமே? இந்த வாதத்துக்கு வலுவுண்டு. கட்டடப் புகைப்படக்கலையின் நுட்பங்கள் பலவும் இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தவை. சூரியன் மறைந்தபின் வானத்தின் நீலமும் உள்விளக்குகளின் ஒளியும் சமமாகும் சில நிமிடங்களுக்காகக் காத்திருப்பது, நடமாடுபவர்கள் கரைந்து மறையும்படி நீண்ட நேரம் ஒளி வாங்குவது, கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி நெடுங்கோடுகளைச் செங்குத்தாக நிறுத்தும் ஷிஃப்ட் லென்ஸ் என எல்லாமே கடினமான தேர்ச்சிகள். ஆனால் இதே கலையின் வரலாறு அந்த வாதத்துக்கு மறுப்பும் சொல்கிறது. 1960இல் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டை ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த படம் இத்துறையின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. அதில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் விளக்குகள் விரிந்து கிடக்கின்றன. அந்த நகரத்தை அழித்துவிட்டால் வீட்டின் துணிச்சலே தெரியாது. நகரத்துக்கு மேலே தொங்குவதுதான் அந்த வடிவத்தின் பொருள்.

பெய்ஜிங் கட்டடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதன் கோபுரங்கள் ஆறு பாகை சாய்ந்தவை. சாய்வை அளந்துகாட்ட நேராக நிற்கும் பக்கத்துக் கட்டடமோ தெருவிளக்குக் கம்பமோ படத்தில் இல்லாவிட்டால், எந்தச் சாய்வு கட்டடத்தினுடையது, எந்தச் சாய்வு லென்ஸால் வந்தது என்று பார்ப்பவரால் பிரிக்க முடியாது. ஒரு பக்கத்திலிருந்து கனத்த வளையமாகவும் இன்னொரு பக்கத்திலிருந்து ஒடுங்கியும் தெரியும்படி வடிவமைத்த கட்டடத்துக்கு ஒற்றை அடையாளப் படம் என்பதே பொருந்தாது. வடிவத்துக்கு நேர்மையாக இருக்க விரும்புகிறவருக்கே சுற்றுப்புறம் அதிகம் தேவைப்படுகிறது.

மார்ச் 7, வெள்ளி

சுற்றுப்புறத்தை வெட்டினால் எதை இழக்கிறோம்? 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெய்ஜிங்கின் மக்கள்தொகை சுமார் 1.36 கோடி, 2010இல் 1.96 கோடி. பத்தாண்டில் அறுபது லட்சம் பேர் கூடிய நகரத்தில் புதிய கட்டடம் எதுவும் வெற்றிடத்தில் எழுவதில்லை. ஸஹா ஹதீத் வடிவமைத்து 2012இல் முடிந்த கேலக்ஸி சோஹோ வளாகத்துக்கு 2013இல் பிரிட்டனின் ராயல் கட்டடக் கலைஞர் நிறுவனம் விருது கொடுத்தது. பெய்ஜிங்கின் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு மையம் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதியது. ஹூதோங் என்னும் பழைய சந்துகளும் முற்றத்து வீடுகளும் கொண்ட அந்தப் பகுதியின் இயல்பை வளாகம் குலைத்துவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வெண்ணிற வளைவுகள் மட்டுமே நிறைந்த படத்தைப் பார்ப்பவருக்கு விருதுக்கான காரணம் புரியும், கண்டனத்துக்கான காரணம் புரியாது. வளைவும் சந்தும் சேர்ந்து தெரியும் படம் யார் பக்கமும் தீர்ப்பு வழங்குவதில்லை. தீர்ப்புக்குத் தேவையான இரண்டு தரப்பையும் முன்வைக்கிறது.

இப்படி எடுக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. நெதர்லாந்தின் இவான் பான் தொலைக்காட்சித் தலைமையகம் எழுந்துகொண்டிருந்தபோதே அதை எடுத்தார். எஃகுச் சட்டங்களோடு அவற்றைப் பொருத்திய தொழிலாளர்களும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். அவருக்கு முன்பே, 1930-31இல், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் லூயிஸ் ஹைன் அதைத்தான் செய்தார். பிரேசிலில் புதிய தலைநகரம் பிரசீலியா உருவானபோது மார்செல் கோத்ரோ, ஆஸ்கர் நிமாயரின் மாளிகைகளை எடுத்த அதே அக்கறையோடு, சிமெண்ட் சாக்கு முதலானவற்றால் தொழிலாளர்கள் வேய்ந்துகொண்ட குடிசைகளையும் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த நகரத்தை யார் கட்டினார்கள், யாருக்காகக் கட்டினார்கள் என்ற கேள்வி முழுமையாக எழுகிறது.

மார்ச் 8, சனி

இன்னும் மூன்று எதிர்வாதங்கள் பாக்கி. ஒன்று, கூலி கொடுப்பவர் கட்டடக் கலைஞரோ உரிமையாளரோதான்; அவர் கேட்பதைத்தானே எடுக்க முடியும்? உண்மை. பிழைப்பைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அகலமான இன்னொரு படத்தையும் சேர்த்து எடுப்பதை ஒப்பந்தம் பெரும்பாலும் தடுக்காது. எதை வெளியிடுவது என்ற முடிவில் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. அவர்கள் கேட்டால் தருவார்கள்.

இரண்டாவது வாதம் கூர்மையானது. பளபளக்கும் கோபுரத்துக்கு முன்னால் ஒரு ஏழையை நிறுத்துவதும் இன்று தேய்ந்த உத்தியாகிவிட்டது. அது வறுமையை அலங்காரமாக்குகிறது. இதை முழுவதும் ஏற்கிறேன். அதற்கு மருந்து மனிதர்களை நீக்குவதல்ல, அவர்களுக்குரிய இடத்தைச் சரியாகத் தருவது. ஹைனின் படங்களில் தொழிலாளி பின்னணிக்கு முரணாக நிறுத்தப்பட்ட பொம்மை இல்லை, வேலை தெரிந்தவர். அவர் கையில் என்ன நடக்கிறது என்பது படத்தில் புரிகிறது. மனிதர் அங்கே ஏன் இருக்கிறார் என்பதைப் படம் சொன்னால் அது சாட்சியம், சொல்லாவிட்டால் அலங்காரம்.

மூன்றாவது, கோடிக்கணக்கான கைப்பேசிகள் எல்லாவற்றையும் பதிவு செய்யும்போது தொழில்முறைக் கலைஞருக்கு ஏன் இந்தச் சுமை? 2009 பிப்ரவரி 9 இரவு, தலைமையகத்தின் பக்கத்துக் கட்டடம் வாணவேடிக்கையால் தீப்பற்றி எரிந்தபோது நகரவாசிகளின் கைப்பேசிப் படங்கள் வேகமாகப் பரவின. அவற்றின் மதிப்பு பெரிது. ஆனாலும் அவை ஒரு நிகழ்வின் பதிவுகள். இடத்தையும் திசையையும் தேதியையும் குறித்துக்கொண்டு, ஒரே தெருவுக்குப் பல ஆண்டுகள் திரும்பிவரும் பொறுமை தற்செயலான படங்களுக்கு இருக்காது. நகரத்தின் மாற்றத்தை அறிய அந்தத் தொடர்ச்சியே வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எதிர்வாதங்களுக்குப் பிறகும் முடிவு நிற்கிறது, சற்றுத் திருத்தமாக. நீலப்பொழுதின் தனிக் கட்டடப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அது மட்டுமே போதும் என்ற வழக்கத்தைத்தான் ஒதுக்க வேண்டும். அதோடு கட்டுமானக் காலத்துப் படம் ஒன்று, நடந்துவருபவரின் கண்மட்டத்தில் தெருவிலிருந்து ஒன்று, அண்டை வீடுகளோடு உயரத்திலிருந்து ஒன்று, ஆட்கள் குடியேறிப் பத்தாண்டு கழித்து ஒன்று எனச் சேர வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் எடுத்த நாளும் நின்ற இடமும் எழுதியிருக்க வேண்டும். இவ்வளவையும் புகைப்படக் கலைஞர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. விருதுக் குழுக்கள் தொடங்கி வைக்கலாம்: அக்கம்பக்கம் தெரியும் படம் ஒன்றாவது இல்லாத விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுப்பதில்லை என்று ஒரு விதி எழுதினால் போதும். விருது வேண்டுபவர்கள் அந்தப் படத்தையும் கேட்டு வாங்குவார்கள்.