மல்லாக்கப் படுக்காதே

எங்கள் ஊர்ப் பாறை ஒரு திண்டைப் போலக் கிடக்கிறது. திண்டு மாதிரியான கல், அதனால் திண்டுக்கல் என்று பெரியவர்கள் பெயர்க்காரணம் சொல்வார்கள். தலை சாய்க்கிற பொருளின் பெயரைத் தாங்கிய ஊரில் பிறந்து, தலை சாய்க்கவே பயந்து நான் கழித்த இரவுகள் பல.

முதல் இரவு நன்றாக நினைவிருக்கிறது. 1994 மார்ச், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஒரு மணி வரை விழித்துப் படித்துவிட்டு மொட்டை மாடியில் தம்பிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். விடியப்போகிற நேரத்தில் விழிப்பு வந்தது. மலைக்கோட்டை இருட்டில் கரேலென்று தெரிந்தது. தம்பி மூச்சு விடுவது கேட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழப்போனேன். கை வரவில்லை, கால் வரவில்லை. தம்பியைக் கூப்பிட வாயும் திறக்கவில்லை. அப்போதுதான் மாடிப்படி முடிகிற இடத்தில் யாரோ நிற்பதைப் பார்த்தேன். அதற்கு முகம் இல்லை. அது நடக்கவும் இல்லை, ஆனாலும் நெருங்கிக்கொண்டே இருந்தது. பிறகு நெஞ்சின் மேல் பாரம். அரிசி மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி. மூச்சு பாதியில் நின்றது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாக நினைத்தேன். இதற்குப் பின் வாழ்க்கையில் எத்தனையோ பயங்களைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு தெளிவான பயம் வேறு எதுவும் இல்லை.

சட்டென்று விட்டது. எழுந்து உட்கார்ந்தேன். உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. தம்பி புரண்டு படுத்தான். மாடிப்படியில் யாரும் இல்லை.

அப்பத்தாவிடம்தான் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவள் பெயரைச் சொல்லிவிட்டாள். "அமுக்குவான்டா அது. மல்லாக்கப் படுத்திருப்ப. மல்லாக்கப் படுத்தா நெஞ்சுல ஏறி உக்காரும். ஒருக்களிச்சுப் படு." அன்று இரவு என் தலையணைக்கடியில் ஓர் இரும்பை வைத்தாள். மற்ற ஊர்களில் அரிவாளோ, பாக்குவெட்டியோ வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா நாகல்நகர்ப் பட்டறை ஒன்றில் பூட்டுத் தொழிலாளி. கைக்குக் கிடைத்த இரும்பு ஒரு மாங்காய்ப் பூட்டுதான். சில்லென்ற அந்தப் பூட்டைக் கையால் தொட்டபடி தூங்கினேன்.

பூட்டு ஒரு வாரம் தாங்கியது. திரும்பவும் வந்தது. மாதத்துக்கு இரண்டு, மூன்று முறை. அம்மா என்னைச் சிறுமலை அடிவாரத்தில் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். அந்த மனிதரைப் பற்றி ஏளனமாக எழுத எனக்கு மனம் வராது. உடுக்கையைத் தொடுவதற்கு முன் அவர் என்னைக் கேட்ட கேள்விகள் அப்படி. "எந்தப் பக்கம் நின்னுச்சு? வாசல் பக்கமா, தலைமாட்டிலயா? மொதல்ல பார்த்தியா, இல்ல மொதல்ல பாரமா? காதுல இரைச்சல் கேட்டுச்சா?" ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நான் கண்டதை அவர் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. திருநீறு பூசி, கயிறு கட்டிவிட்டார். நாலு மாதம் ஒன்றும் வரவில்லை.

மறுபடி வந்தபோது அப்பா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், "ஒண்ணுமில்லப்பா, கெட்ட கனவு" என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா நிம்மதியாக இருந்தார். எனக்கு அழுகை வந்தது. கனவென்றால் கண் மூடியிருக்கும். நான் கண் திறந்து தம்பியைப் பார்த்தேன், பாறையைப் பார்த்தேன். 'ஒண்ணுமில்ல' என்ற சொல் எனக்கு அமுக்குவானை விடக் கொடுமையாக இருந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் நான் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பெரும்பகுதி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கழிந்தது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டு. முழு நைட்டு முடித்துவிட்டுக் காலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வந்து படுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெளியே வெயில், தெருவில் கீரைக்காரம்மாவின் குரல், உள்ளே அசைய முடியாமல் நான். பட்டப்பகலில் பேய் வராது என்றுதானே சொல்வார்கள், இது மட்டும் எப்படி வருகிறது என்று யோசித்துக்கொண்டே கிடந்திருக்கிறேன். ரிங் ஃபிரேமில் சைடு பார்த்த ஓர் அக்கா ஒருநாள் டீ குடிக்கையில் சொன்னார், பெண்கள் ஹாஸ்டலில் புதிதாக வந்த பிள்ளைகள் இரண்டு பேர் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள் என்று. அந்த அறையில் ஒருத்தி வந்து நெஞ்சில் உட்காருகிறாளாம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கும் வரும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகள், ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டவர்கள். அன்று நான் வாய் திறந்திருந்தால் அவர்களில் ஒருத்திக்காவது அது போய்ச் சேர்ந்திருக்கும். இன்றும் உறுத்துகிறது.

2006-ல் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நேர்ந்தது. போனது ஒற்றைத் தலைவலிக்கு. தூக்கம் எப்படி என்று கேட்டார். தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "யாராவது நிக்கிற மாதிரி இருக்குமா? எந்தப் பக்கம்? நெஞ்சு அழுத்துமா? காதுல இரைச்சல்?" பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு சிறுமலை அடிவாரத்தில் கேட்ட அதே கேள்விகள். என்னால் பேச முடியவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார்.

ஸ்லீப் பராலிசிஸ், தூக்க முடக்கம். இரவில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை மூளை கனவுத் தூக்கத்துக்குள் போய் வருகிறது. மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக ஓடுகிற அந்தத் தூக்கத்தை 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த நேரத்தில் மூளைத்தண்டு கை கால் தசைகளை முடக்கி வைத்துவிடுகிறது என்பதைச் சில வருடங்களில் பிரான்சின் மிஷேல் ஜூவே பூனைகளை வைத்துக் காட்டினார். முடக்கி வைப்பது நம் நன்மைக்குத்தான். கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடக்கூடாதல்லவா? அந்த முடக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1986-ல் அமெரிக்காவில் ஷெங்க், மகோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த நோயாளிகள் கனவில் அடித்தால் நிஜமாகவே பக்கத்தில் படுத்தவரை அடித்தார்கள்.

முடக்கம் விலகுவதற்கு முன்பே நினைவு விழித்துக்கொண்டால் அதுதான் அமுக்குவான். கண்களும் உதரவிதானமும் மட்டும் முடங்குவதில்லை. அதனால்தான் பார்க்க முடிகிறது, மூச்சும் நிற்பதில்லை. விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் தளர்ந்து கிடப்பதால் வேண்டும்போது ஆழமாக இழுக்க முடியாது. அதைத்தான் மனம் பாரம் என்று படிக்கிறது. கனவு இன்னும் முழுசாகக் கலையாததால், திறந்த கண்ணுக்கு முன்னால் இருக்கும் அறையிலேயே அது தன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும், மனக்கவலை உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். மல்லாக்கப் படுத்தால் இன்னும் அதிகம் வரும்.

அப்பத்தா அப்போது உயிரோடு இல்லை. மல்லாக்கப் படுக்காதே என்று அவள் சொன்னதை ஒரு மருத்துவர் வாயால் கேட்டபோது, அவளிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அவளுக்குப் பதிலாக அப்பாவிடம் சொன்னேன். அப்போது பட்டறையில் வேலை குறைந்திருந்தது. அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்த பிறகு கையால் அரம் பிடித்துச் செய்யும் பூட்டுக்கு ஆள் குறைவு. (2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.) திண்ணையில் உட்கார்ந்து ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். மருத்துவர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு லீவர் தகடுகளைக் காட்டினார். "சாவியோட ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு லீவரைத் தூக்கணும். எல்லாம் ஒரே நேரத்துல அதது உசரத்துக்கு வந்து நின்னாத்தான் தாழ் நகரும். ஒரு லீவர் படுத்துக் கெடந்தாலும் தெறக்காது. சாவியில கோளாறு இருக்காது, பூட்டுலயும் இருக்காது. ஒண்ணு மட்டும் எந்திரிக்க நேரமாகுது. அப்படித்தானே?"

அப்படித்தான். நான் படித்த எந்த விளக்கமும் இதற்கு நிகராக இல்லை.

பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்: "எனக்கும் வரும்டா. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே வரும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆம்பளப் பய பேய்க்குப் பயந்தான்னு சொல்லுவாங்க. உங்க அப்பத்தாகிட்டகூட நான் சொன்னதில்ல." அந்த டாக்டர் 'ஒண்ணுமில்ல' என்றபோது அப்பாவின் முகத்தில் நான் பார்த்த நிம்மதி எதனுடையது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடும் என்று பின்னால் படித்தேன். ஒரே கூரைக்கடியில் அவர் கீழே, நான் மாடியில், தனித்தனியாகக் கிடந்திருக்கிறோம்.

எத்தனை பேருக்கு வரும்? 2011-ல் ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இருவர் அதுவரை வந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்திருக்கிறது, மாணவர்களில் 28 பேருக்கு. பரீட்சைக்கு விழித்துப் படிக்கும் பிள்ளைகளை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. உலகம் முழுக்க ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் கனஷிபாரி, உலோகத்தால் கட்டிப்போட்டது என்று பொருள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து உட்காருகிறாள். ஃபியூஸ்லி என்ற ஓவியர் 1781-ல் வரைந்த படத்தில், மல்லாந்து கிடக்கும் பெண்ணின் நெஞ்சில் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கிறது. அந்த ஓவியத்தை அச்சில் முதன்முதலாகப் பார்த்தபோது, இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரருக்கு எங்கள் அப்பத்தாவின் அமுக்குவானைத் தெரிந்திருக்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது.

அந்த நிழலாள் யார் என்பது பற்றி ஒரு கருத்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதைச் சொன்னவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை போன பிறகும் இல்லாத கை வலிக்கிறதே, அதற்குக் கண்ணாடிப் பெட்டியை வைத்து வழி காட்டியவர். அவரும் பாலந்து ஜலால் என்பவரும் 2014-ல் ஒரு கருதுகோளை எழுதினார்கள். உடம்பு இப்படித்தான் இருக்கிறது என்று மூளை எப்போதும் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அசையச் சொல்லி மூளை ஆணை அனுப்பியும் தசையிலிருந்து பதில் வராதபோது அந்த வரைபடம் குழம்புகிறது. தன் உருவத்தையே வெளியே தள்ளி, எதிரில் நிற்கிற ஆளாகக் காண்கிறது. நிரூபணம் ஆன உண்மை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் படித்த அன்று நான் அசந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமாக மாடிப்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது நானாகவே இருக்கலாம்.

அறிந்ததால் பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அந்த அரை நிமிடத்தில் மூளையின் பயக்கேந்திரம் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது, படித்த படிப்பு அதற்குக் கேட்பதில்லை. மாறியது என்னவென்றால், இப்போது நான் போராடுவதில்லை. முன்பெல்லாம் கையை அசைக்க, கத்த, மூச்சை இழுக்க என்று மல்லுக்கட்டுவேன், பிடி இன்னும் இறுகும். இப்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். இது தானாகப் போகும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, பிடித்த ஒன்றின் மேல் நினைவை வைக்கிறேன். எனக்கு அது அப்பாவின் அரம் உரசும் சத்தம். ஜலால் பிற்பாடு சொல்லித்தந்த முறையும் ஏறக்குறைய இதுதான்: இது ஆபத்தில்லை என்று உணர்வது, பயத்திலிருந்து விலகி நிற்பது, உள்ளே ஒன்றில் கவனம் வைப்பது, தசையோடு போராடாமல் இருப்பது. நேரத்துக்குத் தூங்குவதும் ஒருக்களித்துப் படுப்பதும் பாதியைக் குறைத்துவிட்டன. பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறவர்கள், சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழுகிறவர்கள் மட்டும் கட்டாயம் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது வேறு நோயாக இருக்கலாம்.

போன வருடம் ஒரு காலையில் மகள் இட்லித் தட்டின் முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. "அப்பா, நேத்து ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"யாராவது நின்னாங்களா?"

நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கம் நின்னுச்சு?"

அவள் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் என்றாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. மருத்துவர் போட்ட படம், தாத்தாவின் லீவர் தகடு, அப்பத்தா, கோடாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தாவுக்கும் வருமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கை கால் வராவிட்டாலும் மூச்சைக் கொஞ்சம் சத்தமாக விட அவளால் முடிகிறது. அந்தச் சத்தம் கேட்டால் நானோ அவள் அம்மாவோ போய்க் காலைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். தொட்டதும் விட்டுவிடுகிறது. அதற்காக நடுக்கதவைச் சாத்துவதில்லை.

சென்ற மாதம் அவள் படுக்கையைத் தட்டிப் போடும்போது தலையணைக்கடியில் என்னவோ கனத்தது. எடுத்துப் பார்த்தால் தாத்தாவின் மாங்காய்ப் பூட்டு. பரணில் கிடந்ததை அவளே தேடி எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அதன்மேல் தலையணையைச் சரிசெய்து போட்டேன்.