தளரச் சொல்லும் ஆணை

படவேட்டில் எங்கள் பெரியப்பாவுக்கு ஓராண்டாகச் சோறு நெஞ்சிலேயே நின்றது, பிறகு தண்ணீரும். படுத்தால் உண்டது வாய்க்குத் திரும்பும். தறிக்குழியில் குனிந்தே உட்கார்ந்த உடம்பு என்றனர் அக்கம்பக்கத்தார். பெரியம்மா ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டார்.

வேலூரில் பேரியம் குடிக்க வைத்துப் படமெடுத்தார்கள். அகன்ற உணவுக்குழாய் அடியில் பறவை அலகாய்க் குறுகியிருந்தது. ‘அக்கலேசியா’ என்றார் மருத்துவர். கட்டியில்லை, திறக்கச் சொல்லும் நரம்புகள் மடிந்துவிட்டன.

விழுங்குவதைத் தள்ளும் வேலையாகவே நினைக்கிறோம். ஆனால் உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசை இயல்பிலேயே இறுகி நிற்பது. விழுங்கும்போது சில நொடிகள் தளர வேண்டும். அந்த ஆணையைச் சுமப்பது முக்கியமாக நைட்ரிக் ஆக்சைடு, ஒரு வாயு! நரம்புமுனை அதைச் சேமித்து வைப்பதில்லை. வேண்டிய கணத்தில் ஆர்ஜினைனிலிருந்து ஆக்குகிறது. தசைக்குள் ஊடுருவி, கால்சியத்தைத் தணித்து, நொடிகளில் அழிகிறது. குடல் நரம்புகளின் தூதன் இதுவென்பது 1990 வாக்கில்தான் தெளிவாயிற்று. இறுகச் சொல்லும் அசிட்டைல்கோலின் நரம்புகள் பெரும்பாலும் பிழைத்திருப்பதே இந்நோயின் கொடுமை.

பாவைத் தளர்த்தாமல் நெய்த பட்டைச் சுற்ற முடியாதல்லவா என்றோம். பெரியப்பா, “அவ்வளவுதானா?” என்றார்.

மடிந்த நரம்பை மீட்க மருந்தில்லை. தசையை விரிக்கலாம், அல்லது அறுக்கலாம். 1913-இல் ஜெர்மனியின் ஹெல்லர் வயிற்றைத் திறந்து செய்ததை இன்று வாய்வழிக் குழாய் செலுத்தியே செய்கிறார்கள். பெரியப்பாவுக்கும் அப்படித்தான். இப்போது உண்கிறார், நிமிர்ந்து உட்கார்ந்து, கவளத்துக்கொரு மிடறு நீருடன். அறுத்த தசை இறுக மூடாததால் அமிலம் மேலேறும்; இரவில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் இரண்டு செங்கல்.